பளிச்சென்று இருந்தால் கண்ணில் படுமா?

அவையோருக்கு வணக்கம்.

வடிவமைப்புத் தொழிலில் இருப்பவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். "யாரும் கவனிக்கவில்லை, இன்னும் பெரிதாக, சிவப்பாகப் போடுங்கள்" என்று சொல்லாத முதலாளி உங்களில் யாருக்காவது வாய்த்திருக்கிறாரா?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த யோசனை என்ன ஆயிற்று என்று பாருங்கள். நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு? இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சனின் குழு சிலரை உட்காரவைத்து இதைத் தேடச் சொன்னது. விடை முகப்புப் பக்கத்திலேயே, வலது மேல் மூலையில், பெரிய சிவப்பு எண்களில் இருந்தது. நூற்றுக்கு 86 பேருக்கு அது கிடைக்கவில்லை! 2007-இல் நீல்சன் இதை எழுதினார். இடம், நிறம், அளவு எல்லாமே விளம்பரத்தின் உடுப்பு. அதனால் படிப்பதற்கு முன்பே தள்ளிவிட்டார்கள். போதாக்குறைக்கு, 'மக்கள்தொகைக் கடிகாரங்கள்' என்று தலைப்பு. கடிகாரத்தில் யார் ஐயா ஜனத்தொகையைத் தேடுவார்கள்?

பக்கத்தின் குறுக்கே வண்ணப் பட்டையாக வரும் பதாகை விளம்பரங்கள் 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் முதலில் வந்தன. அவற்றில் ஒன்றை, பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அழுத்தியதாகச் சொல்வார்கள். நான்கே ஆண்டுகளில், 1998-இல், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பென்வேயும் லேனும், இப்படிக் கண்ணெதிரே இருப்பதைக் காணாமல் விடுவதற்கு 'பதாகைக் குருட்டுத்தன்மை' என்று பெயர் வைக்கவேண்டி வந்தது. தேடுகிறவருக்குத் தேவையான இணைப்பையே வண்ணப் பட்டைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பலர் அதைக் கவனிக்காமலே வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நிலையத்தில் வெள்ளரிக்காய்க்காரர் கூவுவது, தன் ஊர் வண்டியைத் தேடி ஓடுகிறவர் காதில் ஏறுவதில்லை. காதில் கோளாறு இல்லை. அவருக்கு வேலை இருக்கிறது. சாவகாசமாகப் பக்கம் புரட்டுகிறவர் கதை வேறு.

ஆகவே, நாளை குடிநீர் வராது என்று அறிவிக்க வேண்டுமா? மின்னும் பட்டை வேண்டாம். மக்கள் வழக்கமாகப் படிக்கும் பகுதியின் முதல் வரியில், சாதாரணக் கறுப்பு எழுத்தில் போடுங்கள்.

இந்த ரகசியம் விளம்பரக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. மின்னுவதை விட்டுவிட்டு, செய்தியின் எழுத்திலும் நிறத்திலுமே இப்போது வருகிறார்கள். 'விளம்பரம்' என்ற சொல் மட்டும் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடியாகக் கிடக்கிறது. வாசகர் இதையும் ஒதுக்கப் பழகிக்கொள்வார். அப்போது பக்கத்தில் இருக்கும் உண்மைச் செய்தியையும் சேர்த்தே ஒதுக்குவார் என்பதுதான் என் பயம்.