டாக் ஷோவில் ஹேண்ட்லர் என்ன உடுத்த வேண்டும்?

(திரையில்: பக்கவாட்டில் நிற்கும் ஒரு கறுப்பு லாப்ரடார். அதற்குப் பின்னால் கறுப்பு பேன்ட் போட்ட ஒருவரின் கால்கள்.)

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்த நாயின் முதுகுக்கோடு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? விரலால் வரைந்து காட்ட முடியுமா? தலை தெரிகிறது, முன்னங்கால்கள் தெரிகின்றன. நடுவில் எதுவரை நாய், எதிலிருந்து பேன்ட் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த பேன்ட் என்னுடையது. நான் முதல்முறை ரிங்குக்குள், அதாவது நடுவர் நாய்களை மதிப்பிடும் களத்துக்குள், போன அன்று எடுத்த படம் இது. நாயைக் குளிப்பாட்டி, சீவி, நகம் வெட்டி, பல் தேய்த்து இரண்டு நாள் பாடுபட்டிருந்தேன். என் உடுப்பைப் பற்றி யோசித்தது காலையில் ஐந்து நிமிஷம்தான். கறுப்பு எதற்கும் பொருந்தும் என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த நாயிடம் இருந்த மிக நல்ல அம்சமே அதன் நேரான முதுகுதான். அதை நானே மறைத்துவிட்டேன். பல வருஷம் ஆகியும் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாயிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

அதனால்தான் இந்த வீடியோ. டாக் ஷோவில் நாயை நடத்திக் காட்டும் ஹேண்ட்லரின் உடை என்று பேச்சு வந்தாலே, எல்லோரும் கோட் போடலாமா, சூட் போடலாமா என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது அப்புறம். முதலில், ரிங்கில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

(திரையில்: மேலிருந்து பார்த்தபடி ரிங்கின் படம். நடுவில் நடுவர். ஓரமாக நாயும் ஹேண்ட்லரும், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்.)

நடுவர் ரிங்கின் நடுவில் நிற்கிறார். நாய்கள் கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுற்றி வருகின்றன. நாய் வழக்கமாக ஹேண்ட்லரின் இடது பக்கம் இருக்கும். அப்படியென்றால் நடுவருக்கும் உங்களுக்கும் இடையில் நாய். நடுவர் நாயைப் பார்க்கும் ஒவ்வொரு விநாடியும் அதற்குப் பின்னால் திரை மாதிரி இருப்பது நீங்கள்தான். அதுவும் குறிப்பாக உங்கள் இடது பக்கம்.

அவர் பார்ப்பதற்கு நேரமும் அதிகம் கிடையாது. அமெரிக்காவில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ஷோக்களில் ஒரு நடுவருக்கு மணிக்குச் சுமார் 25 நாய்கள் என்று கணக்கு வைத்து அட்டவணை போடுகிறார்கள். ஒரு நாய்க்கு இரண்டரை நிமிஷம்கூட முழுசாக வராது. அதற்குள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், போகவர ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் நிறுத்தி முழு உருவத்தையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கண் நாயைத் தேடிக்கொண்டிருக்கும்படி நாம் வைக்கக் கூடாது.

சரி, நிறத்துக்கு வருவோம். இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நாயின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் உடுத்துங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, வெளிச்சமும் அடர்த்தியும் வேறாக இருக்க வேண்டும். ஐரிஷ் செட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல செம்பழுப்பு. அதற்கு எதிரான நிறம் பச்சை என்று ஒரு பச்சை கோட் போடுகிறீர்கள். அந்தப் பச்சையும் செம்பழுப்பும் ஒரே அளவு இருட்டாக இருந்தால், தள்ளி நின்று பார்க்கிறவருக்கு நாயின் ஓரம் துல்லியமாகத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100 பேரில் சுமார் 8 பேருக்கு இது உண்டு. நடுவருக்கும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது.

(திரையில்: ஒரு ஃபோன். அதே ஐரிஷ் செட்டர் படம், முதலில் வண்ணத்தில், பிறகு கறுப்பு வெள்ளையில்.)

ஷோவுக்கு ஒரு வாரம் முன்னால் அந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நாயைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். இன்னொருவரை ஏழெட்டு மீட்டர் தள்ளி நின்று ஃபோனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நாயின் ஓரம் பளிச்சென்று தெரிந்தால் அந்த உடுப்பு சரி. நாய் கரைந்து போனால், எவ்வளவு ஆசையாகத் தைத்த கோட்டாக இருந்தாலும் அன்றைக்கு அது வேண்டாம். திரையில் பாருங்கள். வண்ணத்தில் கண்ணுக்கு இதமாக இருந்த பச்சையும் செம்பழுப்பும் இப்போது ஒரே சாம்பல்.

கறுப்பு நாய்க்கு வெளிர் சாம்பல், ஆகாய நீலம், மணல் நிறம் மாதிரி ஒன்று நன்றாக எடுபடும். தூய வெள்ளை வேண்டாம் என்பேன். வெயிலில் கண் கூசும், முட்டி போட்டு எழுந்தால் கறை அப்படியே தெரியும். வெள்ளை நாய்க்குக் கருநீலம், அரக்கு, அடர் பச்சை. கறுப்பும் வெள்ளையும் கலந்த பார்டர் காலி மாதிரி நாய்தான் கொஞ்சம் சிக்கல். அடர்த்தியான துணி போட்டால் கறுப்புப் பகுதி போய்விடும், வெளிறிய துணி போட்டால் வெள்ளைப் பகுதி போய்விடும். அதற்கு இரண்டுக்கும் நடுவில், மிதமான ஒரே நிறத் துணிதான் வழி.

ஒரே நிறம் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? பெரிய பூ, கட்டம், கோடு எல்லாம் நாயின் காலோடு கலந்துவிடும். டால்மேஷனைக் காட்டப் போகிறவர்களுக்குப் புள்ளி போட்ட ஸ்கர்ட் மேல் ஒரு ஆசை வரும். நாய்க்கும் நமக்கும் ஜோடிப் பொருத்தமாக இருக்குமே என்று. தயவுசெய்து வேண்டாம். அந்த இனத்தில் புள்ளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் நடுவர் பார்க்கிறார். பின்னால் இன்னும் நூறு புள்ளிகள் ஆடிக்கொண்டிருந்தால் அவர் எதைப் பார்ப்பார்?

நடுவில் ஒரு விஷயம். இவ்வளவு நேரம் நிறம் பற்றிப் பேசியதெல்லாம் நடுவரின் கண்ணுக்காக. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. நீங்கள் அரக்கு போட்டாலும் பச்சை போட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

இனி, உடுப்பில் எந்தப் பகுதி பின்னணியாக அமைகிறது? இது நாயின் உயரத்தைப் பொறுத்தது. கிரேட் டேனில் ஆண் நாய் தோள்பட்டை வரை குறைந்தது 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச நாய்கள் கூட்டமைப்பான எஃப்சிஐயின் அளவுகோல். அதன் முதுகு உங்கள் தொடைக்கு வரும். அங்கே கோட்டின் கீழ் ஓரமும் பேன்ட்டின் மேல் பகுதியும்தான் பின்னணி. கோட் ஒரு நிறம், பேன்ட் ஒரு நிறம் என்றால் அந்த இரண்டும் சேரும் இடம் நாயின் முதுகுக்குப் பின்னால் ஒரு கோடு மாதிரி ஓடும். டாஷண்டுக்கு உங்கள் கணுக்காலும் ஷூவும்தான் பின்னணி. ஆனால் அதே டாஷண்டை நடுவர் தொட்டுப் பார்க்க மேஜை மேல் ஏற்றுகிறீர்கள். இப்போது பின்னணி உங்கள் வயிறும் மார்பும். சிறிய நாய் வைத்திருப்பவர்கள் கீழே மட்டும் பொருத்தம் பார்த்துவிட்டு மேல் சட்டையை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் நாய்க்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து நிறுத்துகிறவர் என்றால், கழுத்திலிருந்து முட்டிவரை எல்லாமே பின்னணிதான்.

(திரையில்: ஓடும் ஹேண்ட்லர். அகலமான ஸ்கர்ட் பறந்து நாயின் முகத்தில் படுகிறது. மெதுவான ஓட்டம்.)

இதைப் பாருங்கள், மெதுவாக ஓட விடுகிறேன். ஸ்கர்ட்டின் ஓரம் நாயின் காதை உரசுகிறது. நாய் என்ன செய்கிறது? தலையைத் திருப்புகிறது. அடுத்த இரண்டு எட்டில் முன்பக்கம் உங்களை விட்டு விலகுகிறது, பின்பக்கம் உங்கள் பக்கமே நிற்கிறது. இப்போது அது நேராக ஓடவில்லை, சாய்வாக ஓடுகிறது. நடுவருக்கு அது நடையில் உள்ள குறையாகத் தெரியும். நாயின் எலும்பிலோ தசையிலோ ஒரு குறையும் இல்லை. எல்லாம் ஒரு முழம் துணி செய்த வேலை.

பட்டன் போடாத கோட்டும் இதையேதான் செய்யும். ரிங்கில் கோட்டின் பட்டனைப் போட்டுவிடுங்கள். டை கட்டுகிறவர்கள் கிளிப் மாட்டுங்கள், குனியும்போது டை நாயின் தலையில் விழாமல் இருக்கும். ஸ்கார்ஃப் வேண்டாம். நீளமான முடியைப் பின்னால் கட்டிவிடுங்கள். ஸ்கர்ட் என்றால் முட்டி அளவு, ஓட இடம் தருகிற மாதிரி, ஆனால் குடை மாதிரி விரியாமல். மிகவும் இறுக்கமான ஸ்கர்ட்டில் உங்கள் எட்டு சுருங்கும். ஜெர்மன் ஷெப்பர்டை அதன் இயல்பான வேகத்தில் ஓடவிட உங்களால் முடியாது. நாயும் உங்களுக்காக வேகத்தைக் குறைக்கும்.

உடுப்பை வாங்கும் முன் கடையின் கண்ணாடி முன்னால் வெறுமனே நிற்காதீர்கள். குனியுங்கள், குந்துங்கள், ஒரு முட்டி போட்டு எழுந்திருங்கள், கையை முன்னால் நீட்டுங்கள். குனியும்போது கழுத்துப் பக்கம் திறந்து கொள்கிறதா, முதுகுப் பக்கம் சட்டை மேலே ஏறுகிறதா, பேன்ட்டின் தையல் இழுக்கிறதா என்று பாருங்கள். ரிங்கில் உங்கள் இரண்டு கையும் நாயிடம் இருக்கும். துணியைச் சரிசெய்ய கை கிடையாது.

ஷூ. தட்டையாக, வழுக்காத ரப்பர் அடி. இதற்கு மேல் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஷோ எங்கே நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். 1877இல் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் ஷோ நியூயார்க்கில் உள்ளரங்கில், விரித்த தரையில் நடந்து வந்தது. 2021இல் கோவிட் காரணமாக அது ஜூன் மாதம் நகருக்கு வெளியே டாரிடவுன் என்ற ஊரில் லிண்ட்ஹர்ஸ்ட் மாளிகையின் புல்வெளிக்கு மாறியது. தரை மாறினால் ஷூவும் மாற வேண்டும். பனி படிந்த புல்லில் வழுவழுப்பான அடி வழுக்கும், கூர்மையான ஹீல் மண்ணில் இறங்கும். நீங்கள் விழுந்தால் நாய் மேல்தான் விழுவீர்கள், அதுவே என் பயம். கடினமான அடி உள்ள ஷூ உள்ளரங்கில் டக் டக் என்று சத்தம் போடும், அதுவும் வேண்டாம்.

சத்தம் என்றதும் வளையல், தொங்கும் காதணி, நீளமான சங்கிலி எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன. நமக்குக் கேட்கும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பாக்கெட்டில் கிடக்கும் சாவியும் சில்லறையும் ஓடும்போது உரசினால் நமக்கு லேசான கிணிகிணி, அதன் காதுக்கு இன்னும் கூர்மையாக ஏதோ ஒன்று. சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

பாக்கெட் ஒன்று கட்டாயம் வேண்டும். தீனி வைக்க, சின்ன சீப்பு வைக்க. பெண்களுக்கான நிறைய கோட்டுகளில் பாக்கெட் மாதிரி தையல் மட்டும் இருக்கும், உள்ளே கை போகாது. தையல்காரரிடம் கொடுத்து நிஜப் பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், உள்துணி துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். ஈரல் துண்டின் வாசனை லேசில் போகாது. இல்லையென்றால் இடுப்பின் பின்பக்கம் மாட்டும் தீனிப் பை போதும். எதை வைத்தாலும் இடது பாக்கெட்டைக் காலியாக விடுங்கள். முன்பே சொன்னேனே, அந்தப் பக்கம்தான் நாய்க்குத் திரை. புடைத்த பாக்கெட் அங்கே வேண்டாம். செயின்ட் பெர்னார்ட் மாதிரி எச்சில் வடிக்கும் இனங்களுக்கு ஒரு துண்டும் கையோடு இருக்க வேண்டும், அதையும் வலது பக்கமோ பின்பக்கமோ செருகுங்கள்.

விதிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி, ரிங்கில் நாயைக் காட்டும்போது கென்னல், அதாவது நாய் வளர்ப்பகத்தின் பெயர் போட்ட கோட், பேட்ஜ், முன்பு வாங்கிய பரிசு ரிப்பன், உங்களை அடையாளம் காட்டும் வேறு எதுவும் அணியக் கூடாது. யார் வளர்த்த நாய் என்று தெரியாமலே நாயை மதிப்பிட வேண்டும் என்பதுதான் இதன் நியாயம். கென்னல் பெயர் தைத்த ஜாக்கெட்டை ரிங்குக்கு வெளியிலேயே கழற்றிவிடுங்கள். உங்களுக்கான அடையாளம் இடது கையில் கட்டும் எண் பட்டை மட்டும்தான். நடுவர் இருப்பது அந்தப் பக்கம், அதனால் இடது கை. தொளதொளவென்ற சட்டைக்கையில் அந்தப் பட்டை சரிந்து முழங்கை வரை இறங்கும். ஓரளவு பிடித்தாற்போல் இருக்கும் கை நல்லது.

சரி, கோட் சூட் கேள்வி. நாள் முழுக்க நடக்கும் சாதாரணச் சுற்றுகளுக்குச் சுத்தமான, தேய்த்த பிளேசரும் பேன்ட்டும், அல்லது ஸ்கர்ட்டும் போதும். பெரிய ஷோக்களின் மாலை நேர இறுதிச் சுற்றில் நடுவரே விருந்துக்குப் போவது போல் உடுத்தி வருவார், ஹேண்ட்லரும் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். ஜிகினா மட்டும் அளவாக இருக்கட்டும், விளக்கு வெளிச்சத்தில் கண் அதன் மேல்தான் போகும். நாய் ஜெயித்தால் எடுக்கும் படத்தில் நீங்களும் இருப்பீர்கள். அந்தப் படம் வருஷக்கணக்கில் சுவரில் தொங்கும்.

சிறுவர் ஹேண்ட்லிங் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களே, அங்கே மதிப்பிடுவது குழந்தையின் கையாளும் திறமையை. பெரியவர்கள் போல ஜோடிக்க வேண்டாம். போன வருஷ ஷூ கடிக்கிறதா என்று மட்டும் முதல் நாளே போட்டுப் பாருங்கள். கால் வலிக்கிற குழந்தையால் நாயைக் கவனிக்க முடியாது.

புது உடுப்பை ஷோ அன்றுதான் நாய்க்கு அறிமுகம் செய்வது என்று வைக்காதீர்கள். இரண்டு மூன்று முறை அதைப் போட்டுக்கொண்டு அதோடு ஓடுங்கள். மழைக் கோட்டுக்கு இது இன்னும் முக்கியம். சரசரவென்று சத்தம் போடும் பிளாஸ்டிக் கோட்டைப் பார்த்து, பழகிய நாய்கூடப் பின்வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

(திரையில்: ரிங்குக்கு வெளியே, மேஜை மேல் ஒரு சமோயெட். ஹேண்ட்லர் ஏப்ரனைக் கழற்றுகிறார்.)

கடைசியாக ரிங் ஓரம். சீவி முடிக்கும் வரை மேலே ஏப்ரன் இருக்கட்டும். வெள்ளை சமோயெட்டை கருநீல கோட்டோடு சீவினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஏப்ரனைக் கழற்றி, ஒட்டும் உருளையால் இடது பக்கத்தை முதலில் உருட்டி எடுங்கள், அப்புறம் வலது பக்கம். பட்டன் போட்டாயிற்றா? எண் பட்டை நேராக இருக்கிறதா? சாவியைக் கொடுத்தாயிற்றா? இப்போது நாயைக் கீழே இறக்குங்கள். உங்கள் எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.