மோரில் ஊறும் கேர்க்காய்

நேயர்களுக்கு வணக்கம். கேர் என்னும் புதரைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ராஜஸ்தானில், தார்ப் பாலைவனத்தின் ஜெய்சல்மேர், பார்மேர், பிகானேர் பக்கங்களில் யாரும் விதைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல் வளர்வது இந்தக் கேர். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டுப்போன முட்புதர் என்றே தோன்றும். இளங்கொம்புகளில் மட்டும் சின்னஞ்சிறு இலைகள் துளிர்க்கும். அவையும் விரைவில் உதிர்ந்துவிடும். இலை விரித்தால் நீர் ஆவியாகப் போய்விடும் என்பதால், பச்சைத் தண்டுகளே உணவு தயாரிக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஊரே வாடும் கோடையில் இந்த மொட்டைப் புதர் செம்பூக்களால் நிறைந்து, உருண்டை உருண்டையாகக் காய்க்கிறது.

நம் ஆதண்டை இதற்கு நெருங்கிய உறவு. ஆதண்டங்காய் வற்றல் போட்டவர்களுக்குக் கேர்க்காயின் குணம் உடனே புரியும். பச்சையாகக் கடித்தால் கசப்பும் உறைப்பும் நாக்கை விடாது. கடுகின் நெடிக்குக் காரணமான சேர்மங்களின் வகையைச் சேர்ந்தவை இதிலும் இருக்கின்றன. ஆடு மாடுகூடத் தயங்கக்கூடிய அந்தக் காயை விருந்துக்கு உரியதாக மாற்றிய கைப்பக்குவத்தை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உப்புநீரிலோ மோரிலோ காய்களைப் பல நாட்கள் ஊற வைக்கிறார்கள். பச்சை நிறம் மங்கி மஞ்சளாகும்போது கசப்பும் இறங்கியிருக்கும். கழுவி, சிலவற்றை ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டு, மீதியை வெயிலில் உலர்த்திவிடுகிறார்கள். மணலும் வெயிலும் தவிர வேறொன்றும் தாராளமாகக் கிடைக்காத இடத்தில், அந்த வெயிலையே சேமிப்புக் கிடங்காக்கிக்கொண்டவர்கள் அவர்கள். உலர்ந்த காய் ஆண்டு முழுதும் இருக்கும். காய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மதிப்பு.

கேருக்குத் துணை சாங்ரி. கேஜ்ரி மரத்தின், அதாவது நம் வன்னி மரத்தின், உலர்ந்த நெற்று அது. இரண்டையும் ஊறவைத்து வேகவைத்து, எண்ணெயில் மிளகாய், மல்லி, மாங்காய்ப் பொடியோடு வதக்கினால் கேர் சாங்ரி. நீர் சேராத பதார்த்தம் என்பதால் சில நாட்கள் கெடாது. கம்பு ரொட்டியோடு பயணத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். இவற்றோடு குமட்டியா விதை, கூந்தா காய் போன்றவையும் சேர்ந்து ஐந்து பொருளானால் பஞ்சகூட்டா. அடுப்பு மூட்டாமல், முந்தின நாள் சமைத்ததை உண்ணும் சீதளா அஷ்டமிக்கு அதைவிடப் பொருத்தமான உணவு எது?

இதை வெறும் ருசியாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. 1899-1900 பஞ்சத்தில் கேஜ்ரி மரப்பட்டையை இடித்து மாவாக்கி உண்டு உயிர் பிழைத்த நிலம் அது. மழை பொய்த்த ஆண்டிலும் காய்க்கும் செடி அங்கே வீட்டுத் தானியக் குதிர் போல.

கேர் பெரும்பாலும் காட்டுச் செடியாகவே இருக்கிறது. கிராமங்கள் தெய்வத்தின் பெயரால் காத்துவரும் ஓரண் என்னும் பொதுநிலங்களில் அது செழிக்கிறது. அந்த நிலங்களைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதி, சூரிய மின்நிலையங்களுக்கு ஒதுக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. மின்சாரம் வேண்டும்தான். ஆனால் அந்தப் புதருக்கு நடுவே குனிந்து, வளைந்த முட்களுக்கிடையில் விரல் நுழைத்து ஒவ்வொரு காயாகப் பறிக்கும் பெண்களைக் கேட்டால், அந்த நிலம் தரிசு என்று சொல்வார்களா?

பறிக்காமல் விட்ட காய்கள் செம்பழமாகின்றன. அவற்றுக்கு மோரும் வேண்டாம், உப்பும் வேண்டாம். ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகள் புதரிலிருந்தே பறித்துத் தின்கிறார்கள். அப்போது அது இனிக்கிறது.