கையெட்டும் கொடி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் அம்மாவுக்கு வரும் முதல் கவலை துணிதான். சென்னையில் இரண்டாம் மாடியில் சின்ன வீடு. மொட்டைமாடிக் கொடி மழையில் நனைந்துகொண்டிருக்கும். நாற்காலி, கதவு, ஜன்னல் கம்பி என்று வீடு முழுக்க ஈரத்துணி. மறுநாளே முடைநாற்றம் வந்துவிடும். போதாக்குறைக்கு அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது.

என் பாட்டி வீட்டில் உத்தரத்திலிருந்து ஒரு மூங்கில் தொங்கும். மடிப்புடவையை நீளக் கோலால் தூக்கி அதன்மேல் போட்டு, அதே கோலால் சுருக்கம் நீங்க இழுத்து விடுவார். இடத்தை அடைக்காது. அந்த மூங்கிலை ஏற்றி இறக்க முடிந்தால் அம்மாவுக்குக் கோலும் வேண்டாமே என்று தோன்றியது.

முதலில் ஒரு பிவிசி குழாயின் இரண்டு முனைகளிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். நனைந்த போர்வையைப் போட்டதும் வில்லாக வளைந்து, துணியெல்லாம் சறுக்கி நடுவில் குவிந்தது. குவிந்த துணிக்குள் காற்று போகாது, அப்புறம் எங்கே காயும்? ஆறடிக் குழாயை முனையில் தாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றேகால் அடி உள்ளே தள்ளித் தாங்க வேண்டும். வெளியே நீளும் பகுதியின் பாரம் நடுப்பகுதி தொய்வதைக் குறைக்கும். இந்த வேலையில் முக்கியமானது இதுதான்.

முக்கால் அங்குலக் குழாய் 20 அடி வாங்கினால் ஆறடியில் மூன்று துண்டு கிடைக்கும். ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு ரீப்பர் கட்டை, அதாவது மெல்லிய மரச்சட்டம். ஒவ்வொன்றிலும் குழாய் இறுக்கமாக நுழையும்படி மூன்று துளை, இடைவெளி அரை அடிக்குக் குறையாமல். துணிக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓட அந்த இடைவெளி வேண்டும். மூன்று குழாயையும் கோத்து, கட்டைகளை முனையிலிருந்து அந்த ஒன்றேகால் அடி உள்ளே நிறுத்தினால் துணி போடும் சட்டம் தயார். கூரையில் இரண்டு கொக்கி. ஒன்றில் ஒற்றைக் கப்பி, சுவர்ப் பக்கம் இரட்டைக் கப்பி. இரண்டு கட்டையிலிருந்தும் வரும் கயிறுகள் இரட்டைக் கப்பி வழியாகச் சேர்ந்து இறங்கும். சட்டம் மட்டமாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் ஏறும்போது ஒரு பக்கம் சாயாது. எனக்கு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது.

கொக்கி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கையால் பிழிந்த பருத்தித் துணி, காய்ந்த எடையைப் போல இரண்டு மடங்கு கனக்கும். கான்கிரீட் கூரையில், துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட்தான் போட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. கூரைக்குள் மின்விசிறிக்கு ஒயர் போகும். எந்தப் பக்கமாகப் போகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுத் துளை போடுங்கள். துணி விசிறி இறக்கையில் படாத தூரமும் வேண்டும். ஆனால் விசிறி ஓடட்டும், ஜன்னலும் கொஞ்சம் திறந்திருக்கட்டும். மழைநாளில் துணியைக் காயவைப்பது காற்றோட்டம்தான்.

இப்போது அம்மா சட்டத்தை இடுப்பளவுக்கு இறக்கி, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக உதறிப் போடுகிறார். பிறகு கயிற்றை மெல்ல இழுத்து, சுவரில் உள்ள இரண்டு கொக்கிகளில் எட்டுப் போட்டதுபோல் சுற்றிக் கட்டுகிறார். நேற்றுக் காலை கப்பி கிறீச்சிட்டது. நான் எழுந்து வருவதற்குள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.