ரெண்டு பேருக்கு ஒரு உழக்கு

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு நாழி, ஒரு உரி, ஒரு உழக்கு என்று மூன்று அளவுப் பாத்திரங்கள் இருக்கின்றன. ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி. நான் கல்யாணம் முடிந்து கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் மாமனார், மாமி, ரெண்டு கொழுந்தன்மார், நாத்தனார், நாங்கள் ரெண்டு பேர், அதோடு நேரம் பார்த்து வந்து சேரும் யாராவது ஒருவர் என்று எட்டு இலை விழும். ஒரு பொழுதுக்கு அரிசி ஒரு நாழி. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபிறகு அது உரி ஆனது. இப்போது எனக்கு 71, வீட்டுக்காரருக்கு 76. ஒரு உழக்கு அரிசி போட்டால் மதியச் சோறும் ஆயிற்று, ராத்திரிக் கஞ்சியும் ஆயிற்று.

அரிசியின் அளவைக் குறைப்பது லேசு. பாத்திரத்தை மாற்றினால் போதும். ஆனால் அரிசியோடு சேர்த்து வேறு பலதையும் குறைத்துவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். “ரெண்டு பேருக்கு என்னத்துக்கு?” வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை இது. முதலில் தீயல் என்கிற குழம்பு நிற்கும், தேங்காயை வறுக்கப் பொறுமை இல்லை என்று. அடுத்தது அவியல், ரெண்டு பேருக்காக பத்துக் காய் யார் நறுக்குவது என்று. பிறகு தேங்காய் போட்ட பொரியலான துவரனும் போய்விடும். கடைசியில் சோறு, முந்தாநாள் வைத்த குழம்பு, ஒரு பப்படம், ஊறுகாய். ராத்திரிக்குச் சாயாவும் ரஸ்க்கும்.

இது என் சொந்தத்திலேயே நடந்தது. என் சித்தி குலசேகரம் பக்கம் தனியாக இருந்தாள். சித்தப்பா போய் நாலு வருஷம். தினமும் போனில் கேட்பேன், “சாப்பிட்டாச்சு மக்களே” என்பாள். பொய் சொல்லவில்லை, சாப்பிட்டுத்தான் இருந்தாள். ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். எப்போதும் ஈரம் காயாத அவள் அம்மிக்கல் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. பிரிட்ஜில் ஒரே ஒரு சட்டி, மூன்று நாள் குழம்பு. மேசைமேல் ரஸ்க் டின். என்னைக் கண்டதும் முக்காலியில் இருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். சுவரைப் பிடித்தாள், முடியவில்லை. மறுபடியும் பிடித்தாள். நாலு பேருக்கு நெல் குத்திக் கொடுத்த கை அது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எல்லாம் பார்த்தோம். பெரிய வியாதி ஒன்றும் இல்லை, சாப்பாட்டில் புரதம் போதவில்லை, தசை கரைந்திருக்கிறது என்றார் டாக்டர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் சொந்த அடுக்களையைத்தான் முதலில் பார்த்தேன். அப்போது அங்கேயும் தீயல் நின்று ரெண்டு மாதம் ஆகியிருந்தது.

வயது ஏறும்போது தசை குறைவது இயற்கை. சாப்பாட்டில் பயறும் மீனும் முட்டையும் பாலும் குறைந்தால், மெதுவாகக் குறைய வேண்டியது வேகமாகக் குறைந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, உடம்பின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். என் எடை 55 கிலோ. அப்படியென்றால் சுமார் 46 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும். ஒரு கைப்பிடி சிறுபயறு, அதாவது 30 கிராம் எடுத்தால் 7 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6. நூறு கிராம் சாளை மீனில் கிட்டத்தட்ட 18. சாயாவும் ரஸ்க்கும் சாப்பிட்டு இந்தக் கணக்கை எட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அவர்கள் தங்கள் டாக்டர் சொன்ன அளவையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம்ம ஊர்ப் பழைய சாப்பாட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துபோகும். மரச்சீனிக்கிழங்கை, மரவள்ளி என்பார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். நம்ம மாவட்டம் அன்று திருவிதாங்கூரோடுதானே இருந்தது, 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ரெண்டாம் உலகப் போரில், 1942-ல் பர்மா ஜப்பான்காரர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அப்போது விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஜனங்களின் வயிற்றைக் காப்பாற்றியது மரச்சீனிதான் என்று என் அம்மா சொல்வாள். ஆனால் வெறும் கிழங்கை யாரும் தின்னவில்லை. கூட மீன் கறி இருந்தது, இல்லாத நாளில் பயறோ கருவாட்டுத் துண்டோ இருந்தது. நூறு கிராம் கிழங்கில் ஒன்றரை கிராம் புரதம்கூடக் கிடையாது, அத்தனையும் மாவுச்சத்து. அந்தக் குறையை நிரப்பத்தான் பக்கத்தில் சாளை வந்து உட்கார்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் போட்ட ஜோடி அது. இப்போது மீனைக் குறைத்துக் கிழங்கைக் கூட்டுகிறோம், ஜோடியைப் பிரித்துவிடுகிறோம்.

கிழங்கு வேகவைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இளம் பிள்ளைகள் குக்கரில் போட்டு அப்படியே எடுத்துவிடுகிறார்கள். தோலைச் சுத்தமாக உரிக்க வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்புக் கிழங்கு என்றால் சமைக்கவே வேண்டாம். மரச்சீனியில் இருக்கிற ஒரு பொருள் சயனைடு என்கிற நஞ்சாக மாறும். அது ஆவியோடும் தண்ணீரோடும்தான் போகும். நம்ம அம்மாமார் தண்ணீரை ஊற்றிக் கொட்டியது சும்மா இல்லை.

ரெண்டு பேருக்குத் தீயல் வைக்கலாமா? வைக்கலாம். நான் வாரத்தில் ஒருநாள் வைக்கிறேன். ரெண்டு கைப்பிடி திருவின தேங்காய், நாலு வத்தல் மிளகாய், ஒரு கரண்டி மல்லி, நாலைந்து நல்லமிளகு. இரும்புச் சட்டியில் சிறுதீயில் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தேங்காயின் ஈரம் போகும், சத்தம் மாறும். பிறகு ஓரத்தில் மஞ்சள் ஏறும். அதன்பிறகு கண்ணை எடுக்கக் கூடாது, மரப்பட்டை நிறம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், சட்டிச் சூட்டிலேயே மீதி சிவந்துவிடும். எட்டுப் பேருக்கு வறுக்க அரைமணிக்கூர் நின்ற எனக்கு இப்போது பத்து நிமிஷம் போதும், ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தே வறுக்கிறேன். சின்ன உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை உரிப்பது வீட்டுக்காரர் வேலை, திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு உரிப்பார்.

அவருக்கு மூக்கு மந்தமாகிவிட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், “இதில் உப்பே இல்லையே” என்று தினமும் சொல்ல ஆரம்பித்தார். நானும் கூட்டிக்கொண்டே போனேன். பிறகுதான் தெரிந்தது, வயதாகும்போது வாசனையும் நாக்கின் ருசியும் குறையும், அதனால் கை உப்புப் பக்கம் போகும் என்று. அதற்குள் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும், ஒரு தேக்கரண்டிதான். பப்படம், ஊறுகாய், கருவாடு எல்லாமே அந்தத் தேக்கரண்டிக்குள் அடக்கம். இப்போது நான் உப்பைக் கூட்டுவதில்லை, வாசனையைக் கூட்டுகிறேன். கறிவேப்பிலையை இறக்குகிற நேரத்தில் கசக்கிப் போடுகிறேன். நல்லமிளகைப் புதிதாக இடிக்கிறேன். மீன் கறியில் மாங்காயோ குடம்புளியோ கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. வறுத்த தேங்காயின் மணம் மட்டும் இன்றைக்கும் திண்ணைவரைக்கும் போய் அவரை எழுப்பிவிடும்.

இன்னொன்று கருப்பட்டி. பனைமரத்துச் சரக்கு, நாட்டு மருந்து என்று சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட கருப்பட்டிக் காப்பியை மூன்று வேளையும் குடிக்கிறார்கள். கருப்பட்டி நல்ல பண்டம்தான், எனக்கும் உயிர். ஆனால் அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அது தெரியாமல் கால் புண்ணோடு அலைகிறவர்களைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது பானை கைநழுவியது. பழைய பழக்கத்தில் பெரிய பானையிலேயே வைத்திருந்தேன். சாய்க்கும்போது மணிக்கட்டு தாங்கவில்லை, கொதிக்கிற கஞ்சி இடது கையில் விழுந்தது. ஒரு மாதம் அடுக்களைப் பக்கம் போகவில்லை. அதுவரைக்கும் சாயா மட்டும் போடத் தெரிந்த என் வீட்டுக்காரர் அந்த ஒரு மாதமும் சமைத்தார். நான் நாற்காலியில் இருந்து சொல்வேன், அவர் செய்வார். முதல் வாரம் கஞ்சியும் சிறுபயறும். ரெண்டாம் வாரம் முட்டை அவித்துக் குழம்பில் போட்டார். மூன்றாம் வாரம் மீன்கார அக்காவிடம் தானே போய் சாளை வாங்கி, பார்த்துப் பார்த்துக் கழுவி, கறி வைத்துவிட்டார். அந்தக் கறியின் ருசியை நான் மறக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் சமையல் தெரிந்திருந்து, அவர் முந்திப் போய்விட்டால் மற்றவர் என்ன செய்வார்? ஆண்பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், கஞ்சி, ஒரு பயறு, ஒரு மீன் கறி, ஒரு துவரன், இந்த நாலையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

கை ஆறியபிறகு பெரிய பானையைப் பரணில் ஏற்றிவிட்டோம். சின்னப் பானையில் வேகவைத்து, சாய்க்காமல் ஓட்டைக் கரண்டியால் சோற்றை அள்ளி எடுக்கிறேன். கஞ்சித்தண்ணி பானையிலேயே நிற்கும், பதினொரு மணிக்கு ஆளுக்கொரு தம்ளர். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது என்பதால் இப்படி மணி பார்த்துக் குடிக்கிற பழக்கம் நல்லது. மிஞ்சின சோற்றை நாள் முழுக்க வெளியில் வைத்து ராத்திரி சூடாக்கித் தின்பதை விட்டுவிட்டேன். நம்ம ஊர் வெக்கைக்கு அதில் கிருமி பெருகும், அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆறினதும் பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

மீனுக்கும் காலம் உண்டு. நம்ம மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது குளச்சல் மீன் குறைந்து விலை ஏறும். அந்த ரெண்டு மாதமும் எங்கள் வீட்டில் காணத்துவையல் என்கிற கொள்ளுத் துவையல், பயறுக் கறி, முட்டை. சக்கை என்கிற பலா கிடைக்கிற நாளில் அதன் கொட்டையான சக்கக்குருவும் முருங்கையிலையும். நாலு மணிக்கு ஒரு மட்டி வாழைப்பழம். பல் இல்லாத குழந்தைக்குக் கொடுக்கிற பழம் பல் போன எங்களுக்கும் ஒத்துவருகிறது.

அவியலுக்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தது. கடையில் போய் ஒரு முருங்கைக்காய், ஒரு வழுதலங்காய், அதாவது கத்திரிக்காய், ஒரு துண்டு சேனை, ஒரு ஏத்தங்காய் என்று கேட்டாலும், வைத்துப் பார்த்தால் ஐந்து பேருக்கு ஆகிவிடும். வழி அடுத்த வீட்டில் இருந்து வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா தனியாக இருக்கிறாள், வயது 80. அதற்கு அடுத்த வீட்டில் ரிட்டயர் ஆன ஒரு தம்பதி. மூன்று வீட்டிலும் அப்போது ஐந்து உருப்படி. செவ்வாய்க்கிழமை அவியல் என் வீட்டில், மூன்று கிண்ணமாகப் பிரிப்பேன். வியாழக்கிழமை அந்தத் தம்பதி வீட்டில் மீன். சனிக்கிழமை அக்கா மோர் ஊற்றிப் புளிசேரி வைப்பாள். எண்பது வயதில் அவள் கையால் வைத்ததை நாலு பேர் சாப்பிடுகிறார்கள் என்பதற்காகவே காலையில் குளித்து, தேங்காய் திருவ உட்கார்ந்துவிடுகிறாள். யாருக்காவது ஒருநாள் கிண்ணம் வரவில்லை என்றால் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்போம், “என்ன அக்கா, சுகம் இல்லையா?” என்று. சித்திக்கு அப்படிக் கேட்க ஒரு மதில் இல்லாமல் போயிற்று. இப்போது அவளை என்னோடு கூட்டி வந்துவிட்டேன். முக்காலியில் இருந்து சுவர் பிடிக்காமல் எழுந்திருக்க அவளுக்கு ஆறு மாதம் ஆனது. உழக்கில் அளந்த பிறகு அவளுக்காக இன்னும் ஒரு கைப்பிடி அரிசி போடுகிறேன்.

நாளைக்கு வியாழக்கிழமை. மீன் முறை பக்கத்து வீட்டுக்கு என்றாலும் கிழங்கு எங்கள் பொறுப்பு. சித்தி இப்போதே கத்தியைத் தீட்டி வைத்திருப்பாள், தோல் உரிப்பதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

வணக்கம்.