குளிரை விற்கும் கடையில் கிடைக்கும் வெப்பம்

நேயர்களுக்கு வணக்கம். சுவீடனின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுக் கீழே லூலியோ என்றோர் ஊர். 1955-இல் ரால்ஃப் எர்ஸ்கின் என்ற கட்டடக் கலைஞர் அங்கே ஒரு கடைத்தெருவையே கூரைக்குள் கொண்டுவந்து வைத்தார். உலகின் முதல் உள்ளரங்க வணிக வளாகம் அதுதான் என்பார் உண்டு. பனிக்கு ஒதுங்கிக் கடை பார்க்கப் பிறந்த கட்டடம்.

சுவீடன், பின்லாந்து போன்ற நார்டிக் நாடுகளில் பழைய வளாகங்களைப் புதுப்பிக்கும்போது, கூரையில் சூரியத் தகடு எத்தனை என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. டிசம்பரில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். கட்டடத்துக்கு வெப்பம் அதிகம் வேண்டியதும் அப்போதுதான். அதனால் கூரைத் தகடுகளுக்கு முன்பு மளிகைக் கடையின் குளிர்பதன இயந்திர அறையைப் பார்க்க வேண்டும். பால், இறைச்சிப் பெட்டிகளிலிருந்து இழுத்த வெப்பத்தைக் கூரை விசிறிகள் வெளியே ஊதித் தள்ளுகின்றன. அதே நேரத்தில் அடித்தளத்தில், நகர வெந்நீர்க் குழாயிலிருந்து காசு கொடுத்து வெப்பம் வாங்குகிறார்கள்! வெளியே தள்ளும் அந்த வெப்பத்தை மீட்டுக் கட்டடத்துக்கே தருவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

பழைய குளிர்பதன இயந்திரங்களில், குளிர்விக்கச் சுற்றிவருவது ஆர்-404ஏ என்ற வாயு. கசிந்தால் கரியமில வாயுவைப் போல 3,922 மடங்கு புவியைச் சூடாக்கும். சுமார் 10 கிலோவுக்கு மேல் இந்த வாயு கொண்ட இயந்திரங்களில் புதிய வாயுவை நிரப்ப, 2020-இல் ஐரோப்பிய ஒன்றிய விதி தடை போட்டது; 2025 முதல் சிறிய இயந்திரங்களுக்கும் அந்தத் தடை உண்டு. மாற்றாகப் பல கடைகளில் கரியமில வாயுவையே குளிர்பதனத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். இதில் வெப்பத்தை மீட்கும்போது அழுத்தம் 80 பாரை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 80 மடங்கைத் தாண்டும். பழைய செப்புக் குழாய்கள் இதைத் தாங்கா. குழாய்களையும் மாற்றியாக வேண்டும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால், குளிர் அறைகளில் தரையை ஒட்டிக் கசிவு உணரி வைப்பதும் கட்டாயம்.

பலர் தவறுவது அடுத்த படியில். வாயுவை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து வரும் வாயு 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும். அதை 30 டிகிரி வரை இறக்கினால்தான் இயந்திரம் சிக்கனமாக ஓடும். பழைய ரேடியேட்டர் சுற்றிலிருந்து தண்ணீர் 50 டிகிரியில் திரும்பி வந்தால், வாயு எப்படி அதற்குக் கீழே குளிரும்? கம்ப்ரசர் திணறும், மின்கட்டணம் ஏறும், பழி புதிய இயந்திரத்தின் மேல் விழும். வெப்பத்தைப் படிப்படியாக இறக்கிச் செலவிட வேண்டும்: மிகச் சூடான பகுதி குழாய் வெந்நீருக்கு, அடுத்தது காற்றோட்ட இயந்திரத்தின் சூடேற்றும் சுருளுக்கு, மிச்சம் நுழைவாயில் தரைக்கடியில் பனி உருக்கும் குழாய்களுக்கு. அந்தச் சுருளையும் பெரிதாக்க வேண்டும். சிறிய சுருள் வெப்பத்தை எடுக்காமலே தண்ணீரைத் திருப்பி அனுப்பிவிடும்.

மீட்ட வெப்பம் வாசல் வழியே ஓடினால் அத்தனையும் வீண். மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைக் கதவிடுக்கில் பிடித்துப் பாருங்கள். உள்நோக்கிப் பறந்தால், வெளியேற்றும் காற்று உள்ளே தரும் காற்றைவிட அதிகம் என்று பொருள். கட்டடமே குளிரை உறிஞ்சுகிறது. வாசலில் காற்றை வீசிக் குளிரைத் தடுக்கும் காற்றுத் திரை வாங்குமுன் விசிறிகளைச் சமன்செய்யுங்கள். வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ள இரு கதவுகளுக்கிடையே நாலைந்து மீட்டர் இல்லையென்றால், ஒருவர் நடந்து கடக்கையில் இரண்டும் சேர்ந்தே திறந்துகிடக்கும். வாசலோரக் காசாளர் நாளெல்லாம் கோட்டுக்குள் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அவருக்காகவாவது இதைச் சரிசெய்ய வேண்டும்.

விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவது நல்லதே. ஆனால் பழைய விளக்குகள் தந்த சூடு போய்விடும். குளிர்காலத்தில் வெப்பத் தேவை அந்த அளவுக்குக் கூடும். கணக்கில் அதையும் சேருங்கள்.

இனி ஒப்பந்தம். இயந்திரம் பெரும்பாலும் மளிகைக் கடையுடையது. வெப்பக் கட்டணம் கட்டுவது வளாக உரிமையாளர். வெப்பத்தால் யாருக்கு லாபம் என்று எழுதிவைக்காவிட்டால், கடைக்காரர் எதற்குத் தன் மின்செலவு ஏற, அதிக அழுத்தத்தில் இயந்திரத்தை ஓட்டுவார்? ஆகவே இருவருக்கும் இடையே வெப்ப மீட்டர் ஒன்று, கிலோவாட் மணிக்கு இன்ன விலை என்ற ஒரு வரி, கடை காலி செய்தால் இயந்திரம் யாருக்கு என்ற இன்னொரு வரி. மூன்றும் குத்தகைப் பத்திரத்தில் ஏறிய பிறகே குழாய்க்கு ஆர்டர் கொடுங்கள். வணக்கம்.