தெரிந்துகொள்ளுதல்

அன்புக்குரிய பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

இளைஞர் கூட்டம் ஒன்றில் யோசுவா புத்தகத்தின் 24ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். "யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்ற வரி வந்ததும் கல்லூரி மாணவர் ஒருவர், "யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, ஐயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வியில் பிழையில்லை. நம் பழைய வேதாகமத் தமிழில் தெரிந்துகொள்ளுதல் என்றால் தேர்ந்தெடுத்தல். இன்றைய பேச்சில் அதற்கு அறிந்துகொள்ளுதல் என்று மட்டுமே பொருள். ஒரே சொல்லில் இவ்விரண்டு பொருளும் குடியிருப்பது, சுயசித்தத்தை, அதாவது மனிதன் தானாகத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை, பற்றிப் பேச வந்திருக்கும் எனக்குப் பெரிய உதவி.

துணிக்கடையில் பத்துச் சேலைகளை விரித்துப் போடுகிறார்கள். தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். வேண்டிய அறிவெல்லாம் முதலில் கிடைத்துவிடுகிறது, தேர்வு பிறகு நடக்கிறது. மனிதர்களிடத்தில் இந்த வரிசை செல்லாது. நண்பனையோ வாழ்க்கைத் துணையையோ முழுவதும் அறிந்த பின்புதான் நம்புவேன் என்று காத்திருப்பவர் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான், ஏனெனில் அந்த அறிவு நம்பிய பின்புதான் வரும். கடவுளைத் தெரிந்துகொள்வதும் இந்த வகையைச் சேர்ந்தது.

யோசுவா 24இல், சீகேம் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திய, வயது முதிர்ந்த யோசுவா கோத்திரங்களையெல்லாம் கூட்டியவுடன் "தேர்ந்தெடுங்கள்" என்று சொல்லிவிடவில்லை. ஆபிரகாமை நதிக்கு அப்புறத்திலிருந்து அழைத்துவந்தது, எகிப்திலிருந்து மீட்டது, நட்டுவைக்காத திராட்சத்தோட்டங்களின் பலனைத் தந்தது என்று கடவுள் செய்தவற்றையெல்லாம் முதலில் எடுத்துரைக்கிறார். அதன் பிறகே தேர்வு வருகிறது. அதாவது அது வெட்டவெளியில் நின்று எடுக்கும் முடிவாக இல்லாமல், முன்பே செய்யப்பட்ட ஒன்றுக்குச் சொல்லும் பதிலாக இருக்கிறது. ஜனங்கள் உற்சாகமாக, நாங்களும் கர்த்தரையே சேவிப்போம் என்கிறார்கள். அதற்கு யோசுவா, உங்களால் அவரைச் சேவிக்க முடியாது என்கிறார்! நம் நற்செய்திக் கூட்டங்களில் கை உயர்த்தியவர்களைப் பார்த்து இப்படிச் சொல்லும் பிரசங்கியாரை நான் இதுவரை கண்டதில்லை. அவர்கள் மறுபடியும் வற்புறுத்திச் சொன்ன பிறகுதான், அவர் கர்வாலி மரத்தின் கீழ் ஒரு பெரிய கல்லைச் சாட்சியாக நாட்டுகிறார்.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒருவன் ஓடிவந்து இயேசுவின் முன் முழங்கால்படியிடுகிறான். நித்திய ஜீவனைக் கேட்கிறான். இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு தனியாகக் குறிப்பிடுகிறார். உனக்குள்ளவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்பற்றி வா என்று சொன்னவுடன், மிகுந்த ஆஸ்தியுள்ளவனாகிய அவன் துக்கத்தோடு போய்விடுகிறான். எனக்கு எப்போதும் வியப்பளிப்பது அதற்குப் பின் நடக்காமல் போனதுதான். இயேசு பின்னால் ஓடவில்லை. பாதியை விற்றாலும் போதும் என்று பேரம் பேசவில்லை. அன்புகூர்ந்தவரே அவனைப் போகவிடுகிறார். திரும்பிப் போக வழியில்லாத இடத்தில் பின்பற்றுதல் என்ற சொல்லுக்கே பொருளில்லை. அதனால்தான் பலர் பின்வாங்கிப்போன ஒரு நாளில் தம்முடைய பன்னிரண்டு சீடரையும் பார்த்து, "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று அவரால் கேட்க முடிந்தது.

அப்படியானால் எல்லாம் நம் கையில்தானா? பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்தீன் இதை அனுபவித்து எழுதியவர். 386ஆம் ஆண்டு, மிலான் நகரத் தோட்டத்தில், மனம் மாற வேண்டும் என்று விரும்பியும் மாற முடியாமல் அவர் தவித்தார். மனம் கைக்குக் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது, அதே மனம் தனக்குத்தானே கட்டளையிட்டால் கீழ்ப்படிவதில்லையே, இது என்ன விந்தை என்று தம் வாக்குமூல நூலில் கேட்கிறார். அதிகாலையில் எழுந்து ஜெபிக்கத் தீர்மானம் செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீர் கட்டளையிடுவதை நீரே தந்தருளும் என்ற அவருடைய ஜெபத்தைக் கேட்டுப் பெலாஜியஸ் என்ற துறவி கொதித்தார். எல்லாவற்றையும் கடவுளே தர வேண்டுமென்றால் மனிதனுக்குப் பொறுப்பு எங்கே என்பது அவர் வாதம். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியஸின் போதனையைத் தள்ளியது. ஆனாலும் கேள்வி ஓயவில்லை. 1524இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் சுயசித்தத்தை ஆதரித்து எழுத, மறு ஆண்டே சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் மறுப்பு எழுதினார்.

இது ஐரோப்பியர்களுக்கு மட்டும் வந்த சண்டை என்று எண்ண வேண்டாம். கடவுளிடத்தில் மனிதன், தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று நம் வைணவப் பெரியோர்களும் வடகலை, தென்கலை எனப் பிரிந்து இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

என்னைப் போலக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது வேறு விதமாக உறுத்தும். கைக்குழந்தையாக நான் அழுதுகொண்டிருக்க, என் பெயரால் ஞானப்பெற்றோர் விசுவாச அறிக்கை செய்தார்கள். பதினைந்து வயதில், ஞானஸ்நான வாக்கைத் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனையில், பேராயர் முன் நின்று, அந்த வாக்கை என்னுடையதாக ஏற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அன்று புதுச் சட்டையைப் பற்றிய நினைப்பே எனக்கு மிகுதி. நான் தெரிந்துகொண்டது எந்த நாளில் என்று கேட்டால் ஒரு தேதியைச் சொல்ல என்னால் முடியாது. "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்று இயேசு சொன்ன வசனம் அப்போதெல்லாம் எனக்கு ஆறுதல். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்த நாள்களும் உண்டு.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில், வலிப்பால் துன்பப்படும் மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன் கண்ணீரோடு சொல்கிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." முன்பாதியில் அவனே தீர்மானிக்கிறான், பின்பாதியில் அந்தத் தீர்மானத்துக்கே துணை கேட்கிறான். இயேசு அவனை, முதலில் ஒன்றை முடிவு செய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. தரையில் செத்தவன்போல் கிடந்த அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான்.