காசு முந்தினால் பொருள் பிந்தும்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த நேரம் வானொலியைத் திறந்து வைத்திருக்கிற எல்லாருக்கும். அடுப்படியில் நிற்கிறவர்கள், தையல் மெஷினில் இருக்கிறவர்கள், கடையில் ஆள் வராத நேரம் பார்த்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறவர்கள். இந்தக் கடைசி ஆட்களுக்குத்தான் இன்றைய கதை கூடப் பொருந்தும்.

பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் நாட்களில்தான் எங்கள் பக்கத்தில் கூடுதலான பாவித்த பொருட்கள் கைமாறுகின்றன. மோட்டார் சைக்கிள், வாட்டர் பம்ப், போட் இன்ஜின், பிள்ளைக்கு ஒரு போன். முந்தி இதெல்லாம் தேநீர்க் கடையில் கதைத்து முடிகிற வியாபாரம். விற்கிறவரின் வாப்பாவையும் தெரியும், வளவையும் தெரியும். இப்போது பேஸ்புக்கில் ஒரு படம், கீழே ஒரு இலக்கம், அவ்வளவுதான். ஆள் யார், எந்த ஊர் என்பது எதுவும் தெரியாது.

இன்று நான் சொல்லப் போவதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். காசு முந்தினால் பொருள் பிந்தும். பொருளும் காசும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அட்வான்ஸ். "தம்பி, பொருளை இன்னொராள் கேட்டு நிக்கிறார். நீங்க ஒரு ஐயாயிரம் போட்டு விட்டா உங்களுக்கு வைப்பன்" என்று சொல்வார்கள். ஐயாயிரம்தானே என்று போடுவோம். போட்ட பிறகு, வான்காரருக்கு மூவாயிரம். பிறகு, வான் வழியில் பழுது, இன்னொரு நாலாயிரம். ஒவ்வொரு தடவையும் முந்திப் போட்ட காசைக் காப்பாற்றுவதற்காகவே அடுத்த காசைப் போடுகிறோம். கள்ளனுக்கு வேண்டியது அந்த முதல் ஐயாயிரம் இல்லை. நீங்கள் ஒரு தடவை போடுகிற ஆளா என்று பார்ப்பதுதான் அவன் நோக்கம். உண்மையாக விற்கிறவரிடம் "நாளைக்குக் காலையில் காசோடு வாறன், அதுக்குள்ள வேற ஆள் வந்தா குடுத்திடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சரி என்பார். அவருக்கு யாருடைய காசும் ஒன்றுதான்.

அடுத்தது, நான் எங்கே போனாலும் சொல்கிற விசயம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல விடுங்கள். "நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன், அப்படியும் ஏமாந்தேன்" என்பார்களே, அது எப்படி நடக்கிறது?

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சம்மாந்துறையில் ஒருவர் தன்னுடைய லேண்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு மிசினை, விற்க நாலு படம் பிடித்து, ஐந்து இலட்சம் என்று போடுகிறார். நேர்மையான ஆள். ஒரு கள்ளன் அந்த நாலு படத்தையும் எடுத்து, தன் இலக்கத்தைப் போட்டு, நாலு இலட்சம் என்று இன்னொரு குழுவில் போடுகிறான். செங்கலடியில் இருந்து ஒருவர் அவனுக்கு அழைக்கிறார். அவன் சொல்கிறான்: "அண்ணன், மிசின் சம்மாந்துறையில என்ட தம்பிட வளவுல நிக்கிது. போய் நல்லா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. விலையை மட்டும் அவரோட கதைக்க வேணாம், எங்களுக்குள்ள ஒரு பங்குக் கணக்கு இருக்கு." உடனே உண்மையான சொந்தக்காரருக்கு அழைக்கிறான்: "நானா, நான் மிசினை வாங்கிறன். கொழும்பில நிக்கிறன். என்ட மச்சான் பார்க்க வருவார். அவரோட விலை கதைக்காதீங்க, அவர் எனக்குக் காசு தரவேண்டிய ஆள்."

பார்த்தீர்களா? இரண்டு நேர்மையான ஆட்கள், இரண்டு பேரின் வாயும் கட்டியாயிற்று.

செங்கலடிக்காரர் வருகிறார். மிசின் உண்மையானது. உடனே ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை, கியர் விழுகிறது. சொந்தக்காரர் தேத்தண்ணி கொடுக்கிறார். போன் அடிக்கிறது. "பிடிச்சுதா அண்ணன்? அப்ப இந்தக் கணக்குக்குப் போடுங்க, தம்பி மிசினை ஏத்தி விடுவார்." நின்ற இடத்தில் நின்று நாலு இலட்சத்தையும் அனுப்புகிறார். பிறகு மிசினைக் கேட்கிறார். "எனக்கு ஒரு சதமும் வரல்லையே" என்கிறார் சொந்தக்காரர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கள்ளன் என்று பேசத் தொடங்குகிறார்கள். கள்ளனின் போன் அந்த நேரம் ஓப் ஆகிவிடும்.

இதை உடைக்க இரண்டு கேள்வி போதும். பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் வாய் திறந்து கேளுங்கள்: "உங்கட விலை என்ன? காசு யார்ட கணக்குக்குப் போகணும்?" விலையைக் கதைக்காதே என்று யாராவது சொன்னால், முதல் கேட்க வேண்டியதே விலையைத்தான். விற்கிறவர்களும் அப்படியே. வருகிற ஆளிடம் "உங்களுக்கு என்ன விலை சொன்னாங்க?" என்று தேத்தண்ணி கொடுக்க முந்திக் கேளுங்கள்.

இனிக் காசு அனுப்புகிற விசயம். வங்கி ஆப்பில் இன்னொரு வங்கிக்கு அனுப்பினால் சில விநாடிகளில் போய்விடுகிறது. வசதிதான். ஆனால் காசு பெரும்பாலும் கணக்கு இலக்கத்தைப் பிடித்துத்தான் போகிறது. பெயர் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதுவது அந்தக் கணக்குக்காரரின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்த்துத் தருவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள். போய்ச் சேர்ந்த காசை உங்கள் வங்கி தன் இஷ்டத்துக்கு இழுத்துத் தரவும் முடியாது. காசு வைப்பிடுகிற மெஷினில் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: பல மெஷின்கள் காசைத் தள்ளுவதற்கு முதல் கணக்குக்காரரின் பெயரைத் திரையில் காட்டும். பின்னால் வரிசை நிற்கிறது என்று அவசரப்படாமல் அந்தப் பெயரை வாசியுங்கள். விற்கிறவர் சொன்ன பெயர் ஒன்று, திரையில் வேறொன்று என்றால் காசை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். "அது என்ட மனிசிட கணக்கு", "கூட்டாளிட கணக்கு" என்ற விளக்கமெல்லாம் பிறகு.

பெயரை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். "அடையாள அட்டைப் படம் அனுப்பினாரே!" இங்கேதான் பலர் விழுகிறார்கள். அந்த அட்டை அனேகமாக இதற்கு முதல் ஏமாந்த ஒருவருடையது. அவரிடம் "நம்பிக்கைக்கு உங்கட ஐசியை அனுப்புங்க" என்று வாங்கியதை உங்களுக்கு அனுப்புகிறான். உங்களிடம் வாங்குவது அடுத்தவருக்குப் போகும். ஆகவே நீங்கள் அனுப்பவும் வேண்டாம்.

ஆனாலும் அட்டையில் ஒன்றைப் பார்க்கலாம். உங்கள் அட்டை பக்கத்தில் இருந்தால் எடுங்கள், சேர்ந்தே பார்ப்போம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. புதிய அட்டையில் 12 இலக்கம், முதல் நாலும் ஆண்டு. ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கமும், அந்த ஆண்டில் நீங்கள் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்ற கணக்கு. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்துத்தான் கூட்டுவார்கள். ஏப்ரல் 14 பிறந்தவர் என்றால் ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, மேலே 14. மொத்தம் 105. ஆணுக்கு 105 என்றே வரும். பெண் என்றால் அதோடு 500 கூட்டி 605. இப்போது அனுப்பிய அட்டையில் மீசை வைத்த ஆளின் படம், இலக்கத்தில் 605 என்றால் அது வெட்டி ஒட்டின அட்டை. பிறந்த திகதிக்கும் இலக்கத்துக்கும் பொருந்தாவிட்டாலும் அப்படித்தான். சோம்பேறிக் கள்ளன் இதில் பிடிபடுவான். கெட்டிக்காரன் பிடிபட மாட்டான், ஏனென்றால் அவனிடம் இருப்பது வேறொருவரின் உண்மையான அட்டை. அதனால் அட்டை சரி என்பதற்காகக் காசை முந்த விடாதீர்கள்.

நேரம் ஓடுகிறது. போனுக்கு வருவோம், ஏனென்றால் கூடுதலாக வாங்குவது அதைத்தான்.

சந்திக்கிற இடம் பகல் நேரம், ஆள் நடமாட்டமுள்ள இடம். மட்டக்களப்புக்காரரும் கல்முனைக்காரரும் என்றால் நடுவில் களுவாஞ்சிகுடியில், ஒரு வங்கி வாசலில் சந்திக்கலாம். உங்கள் சிம், சார்ஜர், ஹெட்போன் மூன்றையும் கொண்டுபோங்கள். போனில் ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் அடியுங்கள். 15 இலக்கம் வரும், அதுதான் ஐஎம்இஐ, அந்தப் போனுக்கென்றே உள்ள அடையாள இலக்கம். இரண்டு சிம் போனில் இரண்டு வரும். பெட்டியில் உள்ளதோடு கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் போனில் இருந்து ஐ, எம், இ, ஐ என்ற நாலு ஆங்கில எழுத்தையும் அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். பதிவில் இருக்கிறது என்பது களவெடுத்ததல்ல என்ற உத்தரவாதம் ஆகாது, அதையும் ஞாபகம் வையுங்கள்.

களவுப் போனைக் காட்டிக்கொடுப்பது பூட்டு. அவரையே தன் கூகுள் கணக்கை, ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கை, கழற்றச் சொல்லுங்கள். பிறகு செட்டிங்ஸ் வழியாக எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். அழிந்து திரும்ப எழும்பும்போது முதல் திரை வரை நீங்களே கொண்டுபோங்கள். இடையில் பழைய ஆளின் கணக்கைக் கேட்டு நின்றால், அந்தப் போன் உங்களுக்கு ஒரு கண்ணாடித் துண்டுதான். "வீட்ட போய் பாஸ்வேர்ட் அனுப்புறன்" என்பார். அனுப்பமாட்டார். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அவசரம் காட்டுகிற ஆளிடம் வாங்க வேண்டாம்.

இதோடு சின்னச் சின்ன விசயங்கள். சிம்மைப் போட்டு அழைத்து, காதில் வைத்தால் திரை அணைகிறதா? வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தால் பழைய எழுத்துகளின் நிழல் தெரிகிறதா? ஒரு ஐகனை அழுத்திப் பிடித்து திரை முழுக்க இழுங்கள், எங்கே கைநழுவுகிறதோ அங்கே டச் செத்திருக்கிறது. சிம் தட்டைக் கழற்றி ஓட்டைக்குள் டோர்ச் அடியுங்கள். பல போன்களில் உள்ளே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், சிவந்திருந்தால் தண்ணீர் பட்டது. உப்புக்காற்றிலும் வாவிக்கரையிலும் இருக்கிற எங்களுக்கு இது முக்கியம். ஐபோனில் பற்றரி ஹெல்த் 80 வீதத்துக்குக் கீழ் என்றால் பற்றரி மாற்றுகிற செலவை விலையில் கழியுங்கள்.

கூரியரில் வாங்கினால் பாதுகாப்பு, பொருள் வந்த பிறகுதானே காசு என்பார்கள். கொண்டு வருகிற தம்பி காசை வாங்கிய பிறகுதான் பெட்டியைத் தருவார். உள்ளே போனா, சவர்க்காரக் கட்டியா என்று அவருக்கும் தெரியாது. பொருள் வருகிறதுதான், ஆனால் காசு அங்கேயும் முந்திவிடுகிறது. பெட்டியின் லேபல் தெரியத் தொடங்கி, திறந்து முடியும் வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். விலை கூடின பொருளை இந்த வழியில் எடுக்காதீர்கள்.

நிலையத்தார் கைகாட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். மோட்டார் சைக்கிளுக்கு நிறைய வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும், அதாவது வண்டிச் சட்டத்தில் அடித்த இலக்கத்தையும், இன்ஜின் இலக்கத்தையும் வண்டியில் துடைத்து வாசித்து ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த உரிமை மாற்றுப் பேப்பரில், ஓப்பின் பேப்பர் என்பார்களே அதில், வாங்கவும் வேண்டாம்.

விற்கிறவர்களுக்கு ஒரு வசனம். காசு வாங்க ஓடிபி தேவையில்லை. "கூரியர் லிங்கில் வங்கிக் காட் இலக்கத்தைப் போடுங்க, காசு வரும்" என்றால் அது காசு போகிற வழி. அனுப்பிய ஸ்லிப்பின் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கைத் திறந்து மீதியைப் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால், முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. நள்ளிரவானாலும் அழையுங்கள், அந்தக் கணக்கில் காசு இன்னும் கிடந்தால் ஏதும் செய்யலாம். கோபத்தில் போனில் கதைத்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஆளை பிளொக் பண்ணாதீர்கள். விளம்பரம், இலக்கம், கணக்கு விவரம், ஸ்லிப், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அச்சடித்து, உங்கள் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்குங்கள். இணையப் பிரச்சினைகளுக்கு இலங்கை செர்ட் என்ற அரச நிறுவனம் இருக்கிறது, அவர்களின் இலக்கம் 101. அதற்குப் பிறகு "உங்கட காசை மீட்டுத் தாறம், கட்டணம் மட்டும் முதல்ல" என்று ஒருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டம்தான்.

இலக்கங்களை எழுதாதவர்களுக்கு இன்னொரு தடவை: போனைப் பார்க்க 1909, இணையப் பிரச்சினைக்கு 101. நன்றி, வணக்கம்.